சரஸ்வதியிடம் இருந்த கிற்றார்

ஒரு வருடம் எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூசையில் எலெக்ட்ரிக் கிற்றார் இருந்தது. அதற்கு நான்தான் பொறுப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கம்; எனக்குப் பத்து வயது. ஊரைவிட்டு வந்த நாங்கள் ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம், கீழே ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். பகல் முழுவதும் கிற்றார் வாசிப்பார். ஒரே வரியை இரண்டு தரம் பாடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வார். ஒப்பாரி வைக்க ஆளில்லாமல் தனக்குத்தானே வைக்கிறார் என்பது அம்மாவின் கணிப்பு. ரேடியோவில் போகிற பாட்டுகள் சில தான் எழுதியவை என்று ஒருநாள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா நம்பவில்லை. அப்படிப்பட்டவன் எங்களைப் போல மலிவு வாடகைக் கவுன்சில் வீட்டில் ஏன் இருக்கப்போகிறான் என்றார்.

அந்த வருடம் பூசைக்கு மோர்டனிலிருந்து பெரியம்மா குடும்பம் வருவதாக இருந்தது. அவர்கள் வீட்டுப் பூசையில் அசல் வீணை வைப்பார்கள். எங்களிடம் என் பாடப்புத்தகங்களும் அப்பாவின் கால்குலேட்டரும்தான். மானம் போகப்போகிறதே என்று காலையிலேயே கீழே ஓடிப்போய்க் கிற்றாரை இரவல் கேட்டேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் தந்தார். அம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, படத்துக்கு முன்னால் சாத்தினா. பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. அதை மட்டும் அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

நாலு மணிக்கு அவர் தலை வாரி, கோட் போட்டுக்கொண்டு கிற்றாரை வாங்கிப்போகப் படியேறி வந்தார். புதுப்பாட்டு ஒன்றை அவர் குரலிலேயே அன்று மாலையே ரெக்கோட் பண்ணக் கூப்பிட்டிருக்கிறார்களாம். இதுவரை மற்றவர்கள் பாடத்தான் எழுதினாராம். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. மொழிபெயர்ப்பது என் வேலை.

"அவசரமோ எண்டு கேள் பிள்ளை. அவசரமெண்டால் சரஸ்வதி அம்மாளிட்டை மன்னிப்புக் கேட்டிட்டு எடுத்துக் குடுப்பம்."

பெரியம்மா வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நாளை காலை வரை தொட்டால் தெய்வக்குற்றம் என்று அவரிடம் சொன்னேன். அவசரமில்லையாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியென்றால் அவளே வைத்திருக்கட்டும்" என்றார். அம்மா கொடுத்த அவலையும் கடலையையும் வாங்கிக்கொண்டு இறங்கிப்போனார். கை நடுக்கம் நின்றிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பெரியம்மா கிற்றாரைப் பார்த்து வாயடைத்துப்போனதில் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

மறுநாள் காலை அவர் கிற்றாரை எடுக்க வந்தபோது, முதல் வாசிப்பு சரஸ்வதிக்குத்தான் என்று அம்மா பிடிவாதமாக நின்றா. வயர் கொழுவாமல், மெல்லிய சத்தத்தில், அந்தப் புதுப்பாட்டை அவர் பாடினார். பாட்டு விளங்காத அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டா.

ஐந்து வருடம் கழித்து அவர் இறந்தபோது பேப்பரில் பெரிய படம் போட்டார்கள். அப்பா நம்பாத பாட்டுகளெல்லாம் அவருடையவைதான். அந்தப் புதுப்பாட்டை வேறொருவர் பாடிப் பெயர் வாங்கியிருந்தார். எழுதியவர் குரலில் ஒரு பதிவும் கிடையாது என்று எழுதியிருந்தது. என்னால்தான் என்று அன்று முழுக்க அழுதேன்.

வளர்ந்தபிறகுதான் ஒன்று உறைத்தது. ரெக்கோட் பண்ணுகிற இடத்தில் கிற்றாருக்கா பஞ்சம்? மனிதர் பயந்திருக்கிறார். போகாமலிருக்க அவருக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அதை நான் கொடுத்தேன். இது எனக்கு ஆறுதலாக இருக்கவேண்டும்; இல்லை. அன்று கிற்றாரை எடுத்துக் கையில் கொடுத்திருந்தால், நடுங்கிக்கொண்டாவது போயிருப்பார். அந்தப் பாட்டை அவர் குரலில் கேட்ட வீடு எங்களுடையது ஒன்றுதான்.