ஒற்றைக் கண் சிவப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கூட்டம் போட்டு மதுவுக்கு எதிராக முழங்குவதுதான் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. குடிகாரனை அவன் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும் என்று நான் சொல்லாத கூட்டமே இல்லை.

அப்படிப்பட்ட எனக்கு இடது கண் சிவந்தது. சாதாரணச் சிவப்பும் இல்லை, கத்தரிக்காய் நிறம். ஊருக்குக் கேட்கவா வேண்டும்? "ராத்திரி கொஞ்சம் கூடிப்போச்சோ சேர்?" என்றார் கடைக்காரர். என் மனைவி மட்டும் என்னை நம்பினாள், அதுவும் வாயை மோந்து பார்த்த பிறகுதான். கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். சந்தேகம் இன்னும் கூடியது. கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போல வலி. ஆனாலும் ஆஸ்பத்திரியில் நம் ஊர் ஆட்கள் பார்த்துவிடுவார்களே என்று போகாமல் கிடந்தேன்.

எங்கள் தோட்டத்தில் நன்றாகக் குடிக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். கூட்டங்களில் நான் உதாரணம் காட்டுவது அவரைத்தான். அவர் வழிமறித்துக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குடிச்சா ரெண்டு கண்ணும் சேந்துதான் செவக்கும் சேர். ஒத்தக் கண்ணு மட்டும் செவக்கிற சரக்கு இந்தப் பக்கம் எங்கயும் காய்ச்சல. இது கண்ணுல வந்த வருத்தம்தான், நோய். ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

மறுத்தேன், விடவில்லை. பதுளை பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். காலையிலேயே கொஞ்சம் போட்டிருந்தார். வாடை அவருடையது, சிவந்த கண் என்னுடையது. பஸ்ஸே என்னைத்தான் முறைத்தது.

கண்ணின் வெள்ளைச் சுவரில் அழற்சி என்றார் டாக்டர். ஓரிடத்தில் அது மெலிந்து உள்ளே இருக்கும் நீலம் தெரிகிறதாம், விழிக்குப் பின்னால் நீரும் கோத்திருக்கிறதாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்றார். வெளியே வந்ததும் பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதீங்க சேர்," என்றார் அண்ணன். "மத்தக் கண்ணும் செவந்துரும். அப்புறம் நானே ஒங்கள நம்பமாட்டேன்."

மருந்தில் கண் தப்பியது. அவர் குடி நிற்கவில்லை, என் பேச்சும் நிற்கவில்லை. அவரை உதாரணம் காட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன். ஊரே என் சிவந்த கண்ணைப் பார்த்துச் சிரித்தபோது, சிவக்காத கண்ணையும் சேர்த்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு நெகிழ்ந்துவிடுகிறது.