காகிதத்தில் ஊன்றாத கால்

பம்பாய்த் தாராவியில், வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட எங்கள் ‘சால்’ கட்டடத்தின் மாடிப்படியை ஒட்டிய அறையில் வானமாமலை அண்ணன் குடியிருந்தார். வடாலாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. வாரம் முழுக்க எண்ணெய்க் கறைக் கையோடு வீடு திரும்புகிறவர், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தூர் வாரக் கிணறு தேடிப் போகிறார் என்று சாலில் கேலி பேசுவார்கள். அவர் போவது பாறை ஏற.

முன்பு டிராம்பேயில் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையில் கயிற்றில் தொங்கியிருக்கிறார். உயரம் அப்போதே பழகிவிட்டது. கூட வேலை செய்த மராத்திக்காரர் ஒருவர் மும்ப்ரா குன்றுக்கு அழைத்துப் போய்ப் பாறை ஏறச் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு அண்ணனை நிறுத்த முடியவில்லை. தன்னோடு முகைதீனையும் இழுத்துக்கொண்டார். முகைதீன் மேலப்பாளையத்துக்காரர், எங்கள் சந்தின் கடைசியில் ஷூ தைக்கும் பட்டறை வைத்திருந்தார். பாறையில் அண்ணன் முன்னால் ஏறுவார். முகைதீன் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வார். முன்னால் போகிறவர் வழுக்கினால் அந்தக் கயிறு இருவரையும் இழுக்கும். அண்ணனின் கால் சரியாக நிற்பதில்தான் இரண்டு உயிரும் இருந்தன.

1964இல் மழைக்காலம் முடிந்ததும் கண்டாலாவுக்கு மேலே உள்ள ஒரு பெரிய செங்குத்துப் பாறையில் ஏறுவதென்று இருவரும் முடிவு செய்தார்கள். காலையில் தொடங்கினால் உச்சிக்குப் போகப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை அண்ணன் போட்டிருந்தது கித்தான் ஷூ. அதன் அடிப்பாகம் மெத்தென்று மடங்கிவிடும். சின்ன விளிம்புகளில் நிற்க உதவாது. மெல்லிய ஆட்டுத்தோலில் ஒரு ஷூ தைத்து, அடியில் வழுவழுப்பான கெட்டி ரப்பர் ஒட்டித் தருகிறேன் என்றார் முகைதீன்.

அளவெடுத்த அன்று காலையில் நானும் பட்டறையில் இருந்தேன். கால் வரைய அங்கே கிடைத்த பெரிய காகிதம் ஒரு பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாள்தான். முகைதீன் அதைத் தரையில் விரித்தார். அண்ணன் மரப்பெட்டியில் உட்கார்ந்து காலை நீட்டினார். தாளுக்கு மேலே வந்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது.

“எழுத்துல காலை வைக்கச் சொல்லுதீரே பாய்” என்றார்.

“எனக்கு மட்டும் மனசு வருதா? நான் தாங்கிக்கிடுதேன். பட்டும் படாம வையுங்க அண்ணாச்சி.”

முகைதீன் அவருடைய குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, தாளில் மெதுவாக இறக்கி, மறுகையால் பென்சிலை ஓட்டினார். முடிந்ததும் அண்ணன் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்களில் யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஷூ தயாரானதும் மும்ப்ராவில் போட்டுப் பார்த்தார்கள். காலோடு ஒட்டிய தோல் மாதிரி இருந்தது. தீப்பெட்டி அகலமுள்ள விளிம்பில்கூட அண்ணன் அசையாமல் நின்றார். அங்கே ஒவ்வொரு பாறையும் சின்னது. ஏறி இறங்கியதும் ஷூவைக் கழற்றிவிட்டு நிழலில் உட்காரலாம். விரல்கள் சிவந்திருந்தன. புதுத் தோல் போகப் போக இளகும் என்றார் முகைதீன். வீட்டில் அந்தக் காலைப் பார்த்த அண்ணி சண்முகவடிவு மட்டும், “பாதிக் காலை வீட்டுல வச்சிட்டா அளவு குடுக்கப் போனீய?” என்று கேட்டாள். அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இனிச் சொல்வது அவர்கள் இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னது.

விடிந்ததும் ஏறத் தொடங்கினார்கள். முதல் பகுதியில் ஒரு சிரமமும் இல்லை. நடுவழியில் ஒரு துருத்திய பாறைக்கு அடியில் பக்கவாட்டில் கடந்து, அதற்கு மேலே ஏறிப் போனார்கள். அதைக் கடந்துவிட்டால் திரும்புவது கடினம். கயிற்றைக் கீழே தொங்கவிட்டால் அது வெற்று வெளியில்தான் ஆடும்.

வெயில் ஏறியது. கறுப்புப் பாறை சூடாகியது. அண்ணனின் கால்கள் ஷூவுக்குள் வீங்கத் தொடங்கின. முதலில் வலித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். பிறகு வலி நின்றுபோனது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. வலது காலை ஒரு விளிம்பில் வைத்தார். வைத்த உணர்வே இல்லை. குனிந்து பார்த்துத்தான் கால் பாறையில் இருப்பதைத் தெரிந்துகொண்டார். அடுத்த அடியில் குனியக்கூட இடம் இல்லை. மூக்கு பாறையில் உரச, கால் எதன்மேல் நிற்கிறது என்று தெரியாமலே எடையை அதன்மேல் மாற்றினார்.

கீழே முகைதீனுக்கு அண்ணன் தெரியவில்லை. கையிலிருந்த கயிறு நகராமல் நின்றது. பிறகு கொஞ்சம் நடுங்கியது. கூப்பிட்டுப் பார்த்தார், பதில் வரவில்லை. அண்ணன் விழுந்தால் வரப்போகும் இழுப்பை எதிர்பார்த்துக் கயிற்றை இடுப்போடு இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். வெகு நேரம் கழித்துத்தான் கயிறு மெல்ல மேலே நகர்ந்தது.

அண்ணன் ஒரு திட்டை அடைந்திருந்தார். முகைதீன் ஏறி வந்து சேர்ந்தபோது அவர் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுத்திருந்தன. சற்று நேரம் தேய்த்ததில் உணர்வு திரும்பியது. ஆனால் கால் மறுபடி ஷூவுக்குள் போக மறுத்தது. காலுறையை எடுத்துவிட்டுத் திணித்துப் பார்த்தார்கள். பாதி வரைதான் போனது.

முகைதீனின் ஷூ சின்னது, மாற்றிக்கொள்ள முடியாது. அந்தச் சூட்டில் வெறுங்காலில் ஏறினால் உள்ளங்கால் உரிந்துவிடும். முன்னால் ஏறி முகைதீனுக்குப் பழக்கமும் இல்லை. மேலே இன்னும் ஒரு சுவர் பாக்கி இருந்தது.

முகைதீன் ஷூவைக் கீழே வைத்தார். அண்ணனை எழுந்து நிற்கச் சொல்லி, அதன் பக்கத்தில் காலை ஊன்றச் சொன்னார். பாதம் அகன்று பரவியது. சுண்டுவிரல் பக்கம் ரப்பரைத் தாண்டி நின்றது.

“நின்னா இம்புட்டு வருதே” என்றார் முகைதீன். “அன்னைக்கு நீங்க நிக்கவே இல்லையே.”

“பேப்பர்ல எப்படிவே நிக்க?”

“நானும் தூக்கித்தான பிடிச்சேன்.”

முகைதீன் பையிலிருந்து தோல் வெட்டும் கத்தியை எடுத்தார். தோலைப் பக்கவாட்டில் கிழித்தால் கால் உள்ளே போகும். அளவு தாண்டிக் கிழித்தால் தோலும் ரப்பரும் பிரிந்துவிடும். அந்தச் சுவரில் ஷூ கழன்றால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

“கையில கத்தி வழுக்குது அண்ணாச்சி.”

“வழுக்குனா நிறுத்தும். தொடச்ச பொறவு வெட்டும்.”

முகைதீன் கையைத் தொடையில் தேய்த்து வியர்வையைத் துடைத்தார். நுனியில் ரப்பரும் தோலும் சேரும் இடத்தைத் தொடாமல், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறினார். ஒவ்வொரு கீறலுக்கும் கால் போகிறதா என்று பார்த்தார். இடது ஷூவும் அப்படியே. கடைசியில் தலையில் கட்டியிருந்த துண்டைக் கிழித்து, பாதத்தைச் சுற்றி ஷூவோடு சேர்த்துக் கட்டினார். விரல்கள் உள்ளே நீட்டிப் படுத்திருந்தன. அண்ணன் விளிம்பில் ஏறி நின்று பார்த்தார். பாறை காலுக்குத் தெரிந்தது.

மேலே போகும்போது வலது ஷூவின் கிழிசல் ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கேட்கும்படி நீண்டது. அண்ணன் அந்தக் காலைக் கல்லில் திருப்பாமல் நேராகவே வைத்து வைத்து ஏறினார். சுவரின் உச்சியில் புல்லைப் பிடித்துத் தன்னை மேலே இழுத்தபோது, அடியில் ஒட்டிய ரப்பர் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. முகைதீன் வந்து சேரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்ற காலோடு அண்ணன் நொண்டிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். முகைதீன் காகிதத்தைத் தேடவில்லை. ஒரு வெற்றுத் தோல்துண்டைத் தரையில் விரித்தார். அண்ணன் பழக்கத்தில் பெட்டியில் உட்காரப் போனார். முகைதீன் கையைப் பிடித்து எழுப்பித் தோலின்மேல் நிறுத்தினார். பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டு, அண்ணனின் இரண்டு தோளிலும் தன் எடை முழுவதையும் போட்டு அழுத்தினார்.

“இன்னும் ஊனுங்க. கயித்துல மறுபக்கம் நான்லா இருக்கேன்.”

பாதம் தோலில் அகன்று பரவியது. நான் கோட்டை வரைந்தேன்.