வாயே திறக்காத லாரிக்காரர்

தையல்காரம்மாவின் கணவர் லாரி ஓட்டுபவர். வீட்டில் வாயே திறக்கமாட்டார். பசித்தால் தட்டை எடுத்து வைப்பார், அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்தே அவள் குடும்பம் நடத்தினாள்.

அவர் ஓட்டிய லாரி ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போன வழக்கில் அவளையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

“வீட்டுக்காரர் உங்ககிட்ட சொன்னதை இங்க சொல்ல வேண்டாம்மா, அதுக்குச் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு. கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க,” என்றார் நீதிபதி.

கூண்டில் நின்ற கணவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“லாரியில உடைஞ்ச முன்விளக்கை அவரே கழட்டி மாத்தினதைப் பார்த்தேங்க. என்ன ஆச்சுன்னு கேட்டேன், பதிலில்லை. பாதுகாக்கிறதுக்கு அவரு என்கிட்ட ஒரு வார்த்தைகூடக் குடுக்கலைங்களே ஐயா.”