எண்ணெய் இல்லாத புத்தகம்

புத்தகம் பார்த்துச் சமைப்பவர்கள் என்றால் சண்முகவடிவுக்கு இளக்காரம். கையளவு தெரியாதவளுக்குத்தான் ஏடு வேண்டும் என்பாள். அவள் தீயல் குழம்பு வைத்தால் கொட்டாரம் ஊரில் நாலு வீட்டுக்கு மணக்கும். அவியலை இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெயை ஒரு சுற்றுச் சுற்றி ஊற்றுவாளே, அந்தக் கைக்காகவே கல்யாண வீடுகளில் அவளைக் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் ஐம்பத்துமூன்றாம் வருஷம் ஆனி பிறந்ததும் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய், சமையல் புத்தகம் இருக்கிறதா என்று ஒரு கடையில் கேட்டுக்கொண்டு நின்றாள். எல்லாம் அவள் புருஷன் வள்ளிநாயகத்தின் பித்தப்பையால் வந்த வினை.

வள்ளிநாயகம் பத்திர ஆபீஸில் குமாஸ்தா. கொஞ்ச நாளாகவே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். மனுஷன் சுருண்டுவிடுவார். டாக்டர் ஜான்ரோஸ் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, பித்தப்பையில் கல் என்றார்.

"நெய், எண்ணெய், வெண்ணெய் ஒண்ணும் ஆகாது. ஒரு மாசம் பாப்போம். அதுக்குள்ள மூணு தடவ வலி வந்துதுன்னா திருவனந்தபுரத்துல போயி கீறித்தான் எடுக்கணும்."

கீறுவது என்றதும் சண்முகவடிவுக்குக் கைகால் ஓடவில்லை. வள்ளிநாயகத்தின் அண்ணன் நாலு வருஷம் முன்பு வயிற்றைக் கீறிக்கொள்ள அதே ஊருக்குத் தன் காலால் நடந்து பஸ் ஏறினவர். திரும்பி வந்தது உடம்புதான்.

எண்ணெய் இல்லாமல் சமைக்க அவள் கைக்குத் தெரியாது. அதனால்தான் புத்தகம்.

கடைக்காரர் ரத்தினம் முதலில் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் போட்டார். மெட்ராஸில் அச்சடித்தது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் முதல் வரியில் நெய் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்தது பலகாரப் புத்தகம். "வலி வந்தவருக்கு முறுக்கா சுட்டுக் குடுக்கச் சொல்லுதிய?" என்று அதைத் தள்ளிவிட்டாள்.

மூன்றாவது ஒல்லியானது. யாரோ ஒரு இயற்கை வைத்தியர் எழுதியது. சண்முகவடிவு அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். நெய், எண்ணெய் என்ற இரண்டு வார்த்தையை மட்டும் தேடி, எண்பது பக்கத்தையும் விரல் வைத்துக்கொண்டே பார்த்து முடித்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. ரத்தினம் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அவள் சட்டை செய்யவில்லை. கடைசிப் பக்கம் வரை ஒரு சொட்டு எண்ணெய் இல்லை என்று உறுதியான பிறகுதான் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ப் பரணியைத் தூக்கிக் கோவில் விளக்குக்குக் கொடுத்துவிட்டாள். புத்தகத்தில் சொன்னபடியே சமைத்தாள். பருப்பு, அவியல், கீரைத் துவரன், எல்லாம் தாளிக்காமல்தான். ருசி மட்டும் சப்பென்று இருந்தது. பாவம் மனுஷன் என்று இரங்கி, எல்லாவற்றிலும் அரை மூடித் தேங்காய் கூடப் போட்டாள்.

அஞ்சாம் நாள் வலி வந்தது.

"ஆபீசுக்கு எதுத்தாப்புல ரசவடை போடுதானே, தின்னியளா?"

"இல்லட்டி."

"பொறவு எப்பிடி வந்துது?"

"எனக்கென்னட்டி தெரியும்? கல்லுகிட்ட கேளு."

அவள் நம்பவில்லை. தினமும் சாயங்காலம் அவர் சட்டையை வாங்கி மோந்து பார்த்தாள். துண்டின் முனையில் எண்ணெய்க் கறை தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே பெரிய களவாகத் தோன்றியது. ஒன்பதாம் நாள் மறுபடியும் வலி வந்து, அவர் பாயில் புரண்டு எழுந்தபோது, அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அந்தக் காலத்தில் சுசீந்திரம் கோவிலில், குற்றம் செய்யவில்லை என்பவன் கொதிக்கிற நெய்யில் கையை முக்கிக் காட்ட வேண்டும். கை வெந்தால் கள்ளன்.

"இப்பவும் அந்த வழக்கம் இருந்தா, நீங்க கைய முக்குவியளா?" என்று கத்தினாள்.

"முக்குகேன். அந்தச் சாக்குலயாவது நெய் வாசம் பிடிக்கலாம்லா."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இன்னும் ஒரே ஒரு வலிதான் பாக்கி. இந்த மனுஷனோ சாவோடு விளையாடிக்கொண்டு ரசவடை தின்கிறார்!

மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனியாக டாக்டரிடம் போய் மேஜைமேல் போட்டாள். "இதுல ஒரு சொட்டு எண்ணெ கிடையாது. இதப் பாத்துத்தான் வைக்கேன். அவரு வெளிய தின்னுதாரு. நீங்கதான் கூப்பிட்டு ரெண்டு வார்த்த வையணும்."

டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். "நேத்து மத்தியானம் என்னம்மா கறி?"

"பருப்புக்குத் தேங்கா அரச்சு ஊத்துனேன். அவியலு. கீரத் துவரன்."

"எத்தன தேங்கா ஆச்சு?"

"ரெண்டு. எண்ணெதான் இல்லியே, அதனால கொஞ்சம் கூடப் போட்டேன்."

டாக்டர் புத்தகத்தை மூடினார். "உங்க வீட்டு முத்தத்துல இப்ப என்ன காயுது?"

"கொப்பர."

"அத எங்க குடுத்துவிடுவிய?"

"செக்குக்கு..." சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. சின்னப் பிள்ளையிலிருந்து கொப்பரை காயவைத்து, செக்குக்கு அனுப்பி, எண்ணெய் வாங்கிப் பரணியில் ஊற்றினவள். ஆனால் தேங்காய் எப்போதாவது எண்ணெய்க் கணக்கில் வந்ததுண்டா? தேங்காய் தேங்காய்தானே!

"அத மொதல்லயே சொல்லப்படாதா?" என்று டாக்டர்மேலேயே பாய்ந்தாள்.

"எண்ணெ கூடாதுன்னு சொன்னனே!" என்று அவரும் கத்தினார்.

வீட்டுக்கு வந்து, பென்சிலை எடுத்துத் தேங்காய் வருகிற பக்கத்தையெல்லாம் அடித்தாள். எண்பது பக்கத்தில் மிஞ்சியது ஏழு. சுட்ட கத்தரிக்காய், மிளகு ரசம், இப்படி. அதைத்தான் வைத்து, அவர் முன்னால் இலை போட்டாள். கத்தரிக்காய் என்றாலே அவருக்குப் பிடிக்காது.

டாக்டர் சொன்னதை அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். தப்பு என்னுடையது என்று மட்டும் வாயில் வரவில்லை. வள்ளிநாயகம் கத்தரிக்காயைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் விழுங்கினார்.

"அப்போ நான் வட தின்னல்ல?"

"இல்ல."

"இப்பிடித்தான் பேரு வரும்னு தெரிஞ்சிருந்தா, ஒரு வடையாவது தின்னுருப்பேனேட்டி."

சண்முகவடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்ன ஒரு மாசம் முடிந்து ஆடி பிறக்கும்வரை மூன்றாவது வலி வரவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள்கூட அவள் அவர் சட்டையை மோந்து பார்க்கவும் இல்லை.