ஆரோட ரத்தமுங்க இது?

அவிநாசித் தேருக்குப் போயிருந்தபோது கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டேன். வளையல்கார அம்மா என் கையை அமுக்கிப் பிடித்து ஏற்றிவிட்டார். மறுநாள் பார்த்தால் மணிக்கட்டு முழுவதும் நாவற்பழ நிறம். “அந்தம்மாவுக்குக் கையா உலக்கையா?” என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

அந்த நிறம் போகவில்லை. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டது என்று மற்ற டீச்சர்களிடம் சொல்லிச் சமாளித்தேன். அப்போது எனக்கு முப்பதுகூட முடியவில்லை. இதைப் படிப்பவர்கள் யாராவது இப்படிச் சமாளித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கோவை ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். அப்லாஸ்டிக் அனீமியா (எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும் நோய்) என்றார் டாக்டர் அம்மா. கேணியில் ஊற்று அடைத்துப்போன மாதிரி என்று அவரே விளக்கினார். ஊற்று திறக்கிற வரைக்கும் வெளியிலிருந்து ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என் மகளுக்கு அப்போது நாலு வயது. அவளுக்குத் தலை பின்னிவிடுவது யார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

என் வீட்டுக்காரர் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுபவர். அவருடைய ரத்த வகை எனக்குச் சேரவில்லை. அண்ணனுடையது சேர்ந்தது. அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டம் பார்க்கும் அண்ணன், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வந்தார். நோய் இன்னதென்று தெரியும் முன்பே முதல் பாட்டிலை அவர்தான் கொடுத்திருந்தார்.

மஜ்ஜையின் முடிவு வந்த அன்று டாக்டர் அம்மா அவரைக் கூப்பிட்டார். “இனிமே சொந்தக்காரங்க யாரும் இவங்களுக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது. நாளைக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்ய வேண்டி வந்தா, கூடப்பிறந்த உங்ககிட்டதான் எடுக்கணும். உங்க ரத்தம் மேலும் மேலும் உள்ளே போனா, இவங்க உடம்பு உங்க மஜ்ஜையை ஏத்துக்காம தள்ளிடலாம். வெளியாளுங்க ரத்தமா ஏற்பாடு பண்ணுங்க.”

“செரிங்க டாக்டர், அப்படியே பண்ணிப்போடலாமுங்க” என்றார் அண்ணன்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டோம். செரிங்க என்போம். பிறகு எங்கள் இஷ்டப்படி செய்வோம். இந்த மரியாதை என் உயிரோடு விளையாடும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தடுத்து ரத்தம் ஏறியது. ஒவ்வொரு பாட்டில் தொங்கும்போதும் அண்ணன் நர்ஸிடம், “ஆரோட ரத்தமுங்க இது?” என்று கேட்பார். அது தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று நர்ஸ் சொல்வார். அண்ணன் முகம் சுருங்கிப்போகும். சில நாட்களில் மட்டும் கேட்காமல் சுவரைப் பார்த்து நிற்பார். அலுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்தம் ஏற்றியும் நிலைமை தேறவில்லை. மூக்கில் ரத்தம் வந்தால் நிற்பதில்லை. தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) மிகவும் குறைந்துவிட்டன. மஜ்ஜை மாற்றுவதைப் பற்றிப் பேச நேரம் வந்துவிட்டது என்று டாக்டர் அம்மா சொன்னார். அண்ணனுடைய மஜ்ஜை எனக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எங்கள் இருவரின் ரத்தத்தையும் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் என் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

“அம்மணி, நான் ஒரு காரியம் பண்ணிப்போட்டேன்.”

“என்னங்கண்ணா?”

“ஆளு கெடைக்காதப்ப நானே போயிக் குடுத்துட்டேன். சிநேகிதன் பேரச் சொல்லி. ஆரு எவருன்னு தெரியாத ரத்தம் உன்ற ஒடம்புல ஏறுறத என்னால பாக்க முடியல கண்ணு. நம்ம சாதி சனத்து ரத்தம் நல்லதுன்னு நெனச்சேன்.”

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை. எழுந்து அவரை அறைந்திருப்பேன், தெம்பு இல்லை. “எம்புள்ளைக்கு நீங்களே தல பின்னி உடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் போய் டாக்டர் அம்மாவிடமும் சொன்னார். அந்தம்மா திட்டவில்லையாம். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாராம்.

முடிவு வரும்வரை அண்ணனோடு நான் பேசவில்லை. பொருந்த வேண்டும் என்றும் வேண்டினேன். பொருந்தி, அவர் கொடுத்த ரத்தத்தாலேயே அது கெட்டுப்போனால் இவர் எப்படி உயிரோடு இருப்பார் என்றும் பயந்தேன்.

பொருந்தவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தாது என்றார் டாக்டர் அம்மா. அண்ணன் கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றாகிப்போனது. இருந்த ஒரு கதவும் அதோடு மூடிக்கொண்டது. அண்ணன் வராந்தாவில் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். நிம்மதியிலா துக்கத்திலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான்தான் போய்க் கையைப் பிடித்தேன்.

மிச்சம் இருந்தது ஒரு மருந்து. குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது; மஜ்ஜையைத் தாக்கும் அணுக்களை அடக்கும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம், தெரியாமலும் போகலாம் என்றார்கள். அது ஏறியபோது வந்த குளிர்க்காய்ச்சலில் கட்டிலோடு நடுங்கிக்கொண்டே கேட்டேன்: “ஏனுங்கண்ணா, குதிர நம்ம சனமுங்களா?” அண்ணன் சிரித்தார். கண்ணீரும் வந்தது.

அந்த மாதங்களில் என்னைத் தாங்கியது வெளியாள் ரத்தம்தான். ரத்த வங்கியில் எடுக்கிற ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறை. உக்கடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த காதர், பிரசவத்தில் ரத்தம் இழந்த மனைவிக்காக ஆள் தேடி அங்கே நின்றிருந்தார். அண்ணன் தன் ரத்தத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார். காதரின் தம்பி எனக்குக் கொடுத்தார். அதன்பின் மில் வாசலிலும் டீக்கடையிலும் நின்று அண்ணன் ஆள் சேர்த்தார். எனக்காகத் தொடங்கியதுதான். பிறகு யார் கேட்டாலும் பஸ் ஏறினார்.

ஊற்று மெல்லத் திறந்தது. முழுவதும் அல்ல. என் அணுக்கள் ஒருநாளும் மற்றவர்கள் அளவுக்கு ஏறவில்லை. நோய் திரும்ப வரலாம் என்று டாக்டர் அம்மா மறைக்காமல் சொல்லியிருக்கிறார். என்னால் யாருக்கும் ரத்தம் கொடுக்கவும் முடியாது. அண்ணன் கூட்டிவரும் ஆட்களுக்கு ஜூஸ் எடுத்துக்கொடுப்பேன், அவ்வளவுதான்.

போன முறை, ரத்தம் தேவைப்பட்ட ஒரு குழந்தையின் அப்பா அண்ணனை உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்க என்ன சனமுங்க?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. அவர் தோளில் கைபோட்டு, “எனக்கும் அந்தக் கிறுக்கு இருந்துச்சுங்க. மொதல்ல கொழந்தைக்கு ஏறட்டும்” என்றார்.

கடிகாரம், காலண்டர் எதையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. காலையில் எழுந்ததும் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். விரலை எடுத்ததும் வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்ப வருகிறது. நீலம் கட்டவில்லை. இன்றைய நாள் எனக்கு உண்டு. எழுந்து போய் மகளுக்குத் தலை பின்னிவிடுகிறேன்.