குடும்பப் பெயர் இல்லாதவர்கள்

இந்த ஜெர்மன் நகரத்தில் பல் டாக்டரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் என்னை "ஃப்ராவ் கன்னியப்பன்" என்றுதான் அழைக்கிறார்கள். திருமதி கன்னியப்பன். அது என் அப்பாவின் பெயர். அவர் ஊரில், ஓரிக்கைப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறார். குடும்பப் பெயருக்கான கட்டம் இங்கே காலியாக இருந்தால் தொல்லை என்பதால் அவரைக் கொண்டுவந்து அதில் உட்காரவைத்தேன். காஞ்சிபுரத்தில் என் வகுப்பில் பல செல்விகள் இருந்தோம். முன்னால் ஓர் எழுத்து போதும், டீச்சர் சரியான செல்வியைப் பார்ப்பார்.

மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்களைக் கடிதம் போட்டு அழைக்கும் அமைப்பில் எனக்கு வேலை. தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை எடுத்து அச்சகம்வரை கொண்டுசேர்க்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். அதன் ஒவ்வொரு படியும் திரையில் ஒரு பெட்டியாகத் தெரியும். முதல் பெட்டி பதிவு எண்களை மட்டும் எடுக்கும். அடுத்தது ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய முழுப் பதிவையும் கொண்டுவரும்.

என் கீழ்வீட்டு சகீனா ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர். "என் வயதுக்காரிகள் எல்லோருக்கும் கடிதம் வருகிறது. எனக்கு ஏன் வருவதில்லை? நீயே பார்த்துச் சொல்," என்றார். பார்த்தேன். வயது, முகவரி எல்லாம் தரவுத்தளத்தில் சரியாக இருந்தன. குடும்பப் பெயர்க் கட்டம் மட்டும் காலி; அவருக்கும் ஊர் வழக்கப்படி ஒற்றைப் பெயர்தான். முழுப் பதிவை எடுக்கும் பெட்டியில்தான் யாரோ ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: குடும்பப் பெயர் இல்லையென்றால் 'முழுமையற்றது', தள்ளிவிடு. பிழைச் செய்திகூட வராது. சகீனாவைப் போல எத்தனையோ பெண்கள் அப்படித் தள்ளப்பட்டிருந்தார்கள்.

மேலாளர் மார்கஸிடம் போனேன்.

"கொஞ்சம் பதிவுகள்தானே," என்றார். "குடும்பப் பெயரைக் கொடுத்தால் சரியாகிவிடும்."

"அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது."

"மறந்துவிட்டார்களா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனுஷி முழுசா இல்லையா என்பதைக் காலிக் கட்டம் ஒன்று தீர்மானிப்பதா? கடிதம் போய்ச் சேர முகவரி போதாதா? அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார். நான் விடவில்லை. வாராந்தரக் கூட்டத்தில், பொறுப்பு மருத்துவர் இருக்கும்போதே, தள்ளப்பட்ட பெண்களின் வயதுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பாதியிலேயே அவர் கையை உயர்த்தினார். "இன்றைக்கே அனுப்புங்கள்," என்றார். நிபந்தனையை எடுத்துவிட்டு அத்தனை பதிவுகளையும் முழுசாக மறுபடி எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். மார்கஸ் தன் அறிக்கையில் 'தரவின் தரம் உயர்ந்தது' என்று எழுதிக்கொண்டார். அந்த வரி எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏனென்றால் கடிதம் வந்து பரிசோதனைக்குப் போன சகீனாவுக்குக் கட்டி இருந்தது. முன்பே அழைத்திருந்தால் சின்னதாக இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அறுவை சிகிச்சையன்று வராந்தாவில் காத்திருந்தேன். அம்மா போன் செய்தார்.

"எங்கமா இருக்குற? சத்தமே காணோம்."

"ஆஸ்பத்திரிலமா. தெரிஞ்சவங்களுக்கு ஆபரேசன் நடந்துக்கினு இருக்குது."

"யாருமா அது, நம்ம ஊருக்காரங்களா?"

அம்மாவின் குரலுக்குப் பின்னால் செங்கல்பட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அதே நேரம் கதவைத் திறந்து வந்த நர்ஸ், கட்டியை எடுத்தாகிவிட்டது, கண் விழித்துவிட்டார் என்று சொல்லி, "நீங்கள் உறவினரா?" என்று ஜெர்மனில் கேட்டாள். இரண்டு காதிலும் இரண்டு கேள்வி. இரண்டுக்கும் சேர்த்துத் தமிழில், "ஆமா," என்றேன்.