அளவெடுக்கும் கண்

இடது உள்ளங்கையால் தன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கையால் சின்ன ஸ்கேலை எதிரில் இருப்பவரின் மூக்குத்தண்டில் வைக்கிறார். "என்னோட இந்தக் கண்ண மட்டும் பாருங்க. சிரிக்காதீங்க, சிரிச்சா கன்னம் ஏறி ஸ்கேலத் தூக்கிரும்." பிறகு உள்ளங்கையை மாற்றி இடது கண்ணைப் பொத்துகிறார். அதற்குள் ஸ்கேல் நகர்ந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். மூன்றாவது முறைதான் கருவிழிக்கும் கருவிழிக்கும் நடுவே உள்ள தூரம் அவருக்குத் திருப்தியாக அமைகிறது. இத்தனை மில்லிமீட்டர் என்று சீட்டில் குறித்துக்கொள்கிறார். லென்சின் நடுப்புள்ளி அந்த அளவில் உட்காராவிட்டால் புதுக் கண்ணாடி போட்டவருக்குத் தலை சுற்றும்.

இந்தக் கண்ணாடிக் கடையில் அந்தப் பெண்மணிக்கு இருபத்தைந்து வருடமாக வேலை. ஆட்களின் பெயர் அவர் மனதில் நிற்பதில்லை, அளவுதான் நிற்கும். "அம்பத்தொம்பது வந்துட்டுப் போனாங்களா?" என்று முதலாளியைக் கேட்பார். அறுபத்தேழு என்றால் பக்கத்து மருந்துக்கடைக்காரர். கணவரை "எங்க வீட்டு எழுபது" என்பார். கண்ணாடிச் சட்டத்தின் காதுகளைச் சூடுகாட்டி வளைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். "மூக்கு மேல சும்மா உக்காரணும். மூக்கப் புடிச்சுக்கிட்டுத் தொங்கக் கூடாது." நிலைக்கண்ணாடி முன் அரைமணி நேரம் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்பவர்களிடம், நன்றாகத் தெரிகிறதா என்று மட்டும் கேட்பார்.

இந்தத் தொழிலில் வேறு யாரும் கண்ணைக் கையால் பொத்துவதில்லை. இமையை மூடினால் போதும். இரண்டு கையும் ஸ்கேலுக்குக் கிடைக்கும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு வரை இவரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். மாறியதற்குக் காரணம் நான்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. முதல் கண்ணாடி. அம்மாவைத் தவிர ஒரு பெண் அரை நிமிடம் என் கண்ணையே பார்த்தது அதுதான் முதல் முறை. தன் கண்ணைப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடினார். திறந்து, மறு கண்ணை மூடினார். எனக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து முப்பத்தொரு காதல் கவிதைகள் எழுதினேன். கடையின் அடையாளத்தைக்கூட எதுகை மோனையோடு உள்ளே வைத்தேன். புத்தகம் வந்தது. கண்ணடித்த கவிதையைப் படிக்காமல் எந்த மேடையிலிருந்தும் என்னை இறங்க விட்டதில்லை. யார் அந்தப் பெண் என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் ஒரு புன்னகை வைத்திருந்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இடையில் சில முறை லென்ஸ் மாற்றியிருக்கிறேன். பழைய கண்ணாடியைக் கொடுத்தால் அதே அளவில் போட்டுத் தந்துவிடுவார்கள். போன மாதம் அதைப் பேருந்தில் தொலைத்துவிட்டு, வீட்டுக்கு அருகே ஒரு கடையில் புதிதாக அளவு கொடுக்க உட்கார்ந்தேன். அளவெடுத்தவர் பெரிய மீசைக்காரர். ஸ்கேலை என் மூக்கில் வைத்தார். தன் கண்ணைப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடினார். திறந்து, மறு கண்ணை மூடினார்.

பக்கத்தில் நின்ற என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "இவருக்கும் ஒரு புத்தகம் போட்டுருங்க" என்றாள். கண்ணாடி வாங்காமலே வெளியே வந்தோம். படி இறங்கும்போது அவள் சிரிப்பு நின்றிருந்தது. "அந்தப் பொண்ணு என்ன ஆனாளோ" என்றாள்.

அந்தப் பழைய கடையைத் தேடிப் போனேன். என்ன ஆனார் என்பதை அவருடைய முதலாளி எனக்குச் சொன்னார், நான் யார் என்று தெரியாமல். புத்தகம் வந்த பிறகு, கண்ணில் ஒரு கோளாறும் இல்லாத இளவட்டங்கள் அளவு கொடுக்க வரிசையில் நின்றார்களாம். வாசலில் நின்று கவிதையின் முதல் வரியைக் கத்திவிட்டு ஓடுவார்களாம். அண்ணன் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. கடைசியில் முதலாளியே அவரைப் பின்னறைக்கு அனுப்பி, லென்ஸ் விளிம்பு தேய்க்க உட்கார்த்திவிட்டார். பதினொரு வருடம். திரும்ப முன்னால் வந்தபோது உள்ளங்கை கண்ணுக்கு வந்திருந்தது.

நான்கு நாள் சட்டம் பார்க்கிற சாக்கில் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள், முதலாளி சாப்பிடப் போன நேரத்தில், அந்தக் கவிதையை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கத் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் பாதியில் காணாமல் போனது. அவர் லென்ஸ் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். புத்தகத்துக்குப் பின்னாடி உங்க ஃபோட்டோ இருந்துச்சே. நான் போட்டுக் குடுத்த கண்ணாடிதான். ஒரு பக்கம் கோணலா உக்காந்திருந்துச்சு, அப்பவே வந்திருந்தா சரி பண்ணிக் குடுத்திருப்பேன்." லென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன், அளவெடுக்கறேன்னு."

நடந்ததை அப்படியே பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்டேன். அது அவருக்காகவா, என் மனச்சாட்சிக்காகவா என்று எனக்கே நிச்சயமில்லை. எழுதலாம் என்றார். கடை எங்கே இருக்கிறது என்று மட்டும் இந்த முறை எழுத வேண்டாம் என்றார்.

பிறகு, கண்ணாடி இல்லாமல் எப்படி வீடு போய்ச் சேருவேன் என்று கேட்டு, என்னைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார். உள்ளங்கை பழக்கத்தில் கண்ணுக்குப் போனது. ஸ்கேல் நழுவியது. மறுபடியும் நழுவியது. நான் அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டே இருந்தேன்.

"நிமிருங்க. இப்படிக் குனிஞ்சா அறுபத்திநாலு எப்படி அறுபத்திநாலா இருக்கும்?"

நிமிர்ந்தேன். மூன்றாவது முறையும் அமையவில்லை. அவர் கையை இறக்கினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். என் நாற்காலியை அரைவட்டம் சுற்றிவிட்டு, தன் முதுகு தெருவுக்குத் தெரியும்படி எதிரில் வந்து நின்றார். ஸ்கேலை இரண்டு கையாலும் பிடித்து, வலது கண்ணை மூடினார்.